அலைக்குளத்தில் அம்மாச்சி

கேளிக்கைப் பூங்கா எதுவானாலும் உள்ளே எங்காவது ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கும். வேப்பமரமோ தகரக் கூரையோ அதற்கு நிழல் தரும். அதில் ஒரு பாட்டியோ தாத்தாவோ உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் நாலைந்து பைகள், ஈரத் துண்டுகள், குடும்பத்தின் மொத்தச் செருப்புகள். மடியில் செல்போன்கள், யாருடைய மூக்குக்கண்ணாடியோ ஒன்று. “பாத்துக்கங்க, இந்தா வந்துர்றோம்” என்று சொல்லிவிட்டுப் போன கூட்டம் பசித்தால்தான் திரும்பி வரும். அவருக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்திருப்பார்கள். அந்தக் காசுக்கு அவருக்குக் கிடைத்தது அந்த நிழல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகத்துக் கேளிக்கைப் பூங்காக்களுக்கெல்லாம் மூத்ததுபோல் இன்று பேசப்படும் டிஸ்னிலேண்ட் பிறந்ததே ஒரு பெஞ்சில்தான். லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பூங்காவில் தம் இரண்டு பெண் பிள்ளைகளையும் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தபோது அந்த யோசனை வந்ததாக வால்ட் டிஸ்னியே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் மட்டும் விளையாட, பெற்றவர்கள் காத்துக் கிடக்கும் இடமாக இல்லாமல், இருவரும் சேர்ந்து ஆட ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தாராம். 1955 ஜூலை 17-இல் அதைத் திறந்தும் விட்டார். ஆனால் அந்தப் பெஞ்சு ஒழியவில்லை. அப்பா எழுந்து போன இடத்தில் அப்பத்தா வந்து உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

என் அம்மாவையும் அந்தப் பெஞ்சுக்கென்றுதான் கூட்டிப்போவதாக இருந்தோம்.

கொட்டாம்பட்டி, திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் மதுரை மாவட்டத்தின் வடகோடி. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் என்பதால் ஆபீஸ்கள் உண்டு, பஸ் நிற்கும், டீக்கடைகளில் எப்போதும் பத்துப் பேர் இருப்பார்கள். நாலு வழிச்சாலை வந்தபின் பாதி வண்டிகள் ஊரைப் பார்க்காமலே போய்விடுகின்றன. வானம் தெளிவாக இருந்தால் பிரான்மலை தெரியும். பாரி ஆண்ட பறம்பு மலை அதுதான் என்பார்கள். மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் நெல் விளையும்போது, எங்கள் பக்கம் மழையையும் கிணற்றையும் நம்பி நிலக்கடலை போடுவார்கள். அம்மாவின் கை அந்தக் கடலையைப் பிடுங்கியும் ஆய்ந்தும் உடைத்தும் காய்த்த கை. வயது 73. சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, இரண்டு முழங்காலும் மழைக்கு முந்தியே சேதி சொல்லும்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த என் மகன் கோடை லீவுக்கு வந்த நாளிலிருந்து பரவை ‘அதிசயம்’ பூங்காவுக்குப் போக வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். 2025 மே மாதம், நல்ல வெயில். அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அங்க என்னத்தா சாமி?”

“சாமியெல்லாம் இல்லம்மா. தண்ணியில வெளையாடுறது, ராட்டினம் சுத்துறது.”

“அம்புட்டுத்தானா? அதுக்கா காசு குடுத்துப் போறீங்க?” என்றவர், சற்றுக் கழித்து, “நானும் வாரேன்” என்றார்.

தம்பி மனைவிக்கு இது சரியாகப் படவில்லை. “அத்தையை எதுக்கு மதினி இந்த வெயில்ல இழுத்துக்கிட்டு அலையுறீக? முட்டி வேற வலிங்கிறாக.” அது உண்மை. ஆனால் அந்த முட்டியைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியும். அதே வருஷம் ஜனவரி 7-ஆம் தேதி, எங்கள் பக்கம் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை ஊர் ஊராக மக்கள் நடந்தார்களே, அந்தக் கூட்டத்தில் அம்மாவும் கொஞ்ச தூரம் நடந்தார். வேனில் ஏறச் சொன்னதற்கு, “எல்லாரும் நடக்கையில நான் மட்டும் வண்டியிலயா?” என்று கேட்டாராம். ஜனவரி 23-இல் மத்திய அரசு அந்தச் சுரங்க ஏலத்தை ரத்து செய்ததாகச் செய்தி வந்தபோது தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதற்கு நடந்த கால் இதற்கும் நடக்கும் என்று நான் தீர்மானித்தேன்.

வயதானவர்கள் வெளியே கிளம்புவதற்கு நம் ஊர்களில் காரணங்கள் வரையறுக்கப்பட்டவை. கோயில், கல்யாணம், காதுகுத்து, எழவு, மதுரைப் பெரியாஸ்பத்திரி. இந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு பெரியவர் கிளம்பினால் ‘வயசான காலத்துல’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். சட்டம்கூட இப்படித்தான் யோசிக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. பராமரிப்பு என்றால் என்ன என்று அதில் விளக்கம் இருக்கிறது: உணவு, உடை, உறைவிடம், மருத்துவம். நல்ல சட்டம்தான், கைவிடப்பட்ட எத்தனையோ பேருக்கு அதுதான் பிடிமானம். ஆனாலும் அந்த நாலு சொல்லைப் படித்தபோது, மாட்டுக்கொட்டகைக்கும் கிட்டத்தட்ட இந்தப் பட்டியல் போதுமே என்று எனக்குத் தோன்றியது.

கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு அறிவித்ததிலிருந்து அம்மாவின் உலகம் விரிந்திருக்கிறது. மேலூர்ச் சந்தை, ஒத்தக்கடையில் சின்னம்மா வீடு, அழகர்கோயில் என்று அவர் இப்போது போகாத இடமில்லை. “மேலூருக்கு ஒண்ணு, அங்கன இருந்து மாட்டுத்தாவணிக்கு ஒண்ணு, பெறகு ஆரப்பாளையம், அங்கிட்டு இருந்து பரவை. எனக்கும் ஒனக்கும் காசு கெடையாது. பேராண்டிக்கு மட்டுந்தான் டிக்கெட்டு.” கூகுள் வரைபடம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் என்று சொன்ன தூரத்தை நாங்கள் அரை நாளில் கடந்தோம். பேராண்டி வழிநெடுக முறைத்துக்கொண்டு வந்தான்.

டவுன் பஸ் நின்று நின்று போகிறது என்று குறைப்படுகிறவர்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவருக்கு ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு குடும்ப வரலாறு. கருங்காலக்குடியில் சமணர் படுக்கை உள்ள மலை. பஞ்சபாண்டவர் அங்கே ஒளிந்திருந்தார்கள் என்பது அம்மாவின் வரலாறு. படுக்கைக்கு மேலே தமிழி எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது என்பது என் வரலாறு. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. தும்பைப்பட்டி வந்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோயிலுக்கு அல்ல, கக்கனுக்கு. அந்த ஊரில் பிறந்து, மந்திரியாக இருந்து, கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண நோயாளியாகப் படுத்துக் கிடந்தவர். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

கக்கனிலிருந்து பேச்சு வைகை அணைக்குத் தாவியது. அது தாவ வேண்டிய இடம்தான். காமராஜர் மந்திரிசபையில் கக்கன் பொதுப்பணித்துறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 1959 ஜனவரியில் அந்த அணை திறக்கப்பட்டது. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில், 71 அடி தேக்கும் அணை. அதைக் கட்டியவர்கள் அணையோடு நிறுத்தாமல் இரு கரையிலும் பூங்கா போட்டார்கள். நீரூற்று, சிலைகள், குட்டி ரயில், சறுக்கு. டிக்கெட் வாங்கிப் போகும் கேளிக்கைப் பூங்கா என்ற ஒன்று மதுரைச் சீமைக்கு வருவதற்கு வெகு காலம் முன்னால், புதுசாகக் கல்யாணமான ஜோடி, பள்ளிக்கூடச் சுற்றுலா, சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் அது. சர்க்கார் கணக்கில் பாசனத்துக்குக் கட்டியது, சனங்கள் கணக்கில் பொழுதுபோக்குக்கும் சேர்ந்தது.

“ஒங்கப்பா கூட்டிட்டுப் போனாக. கல்யாணம் ஆன மறு வருஷம். பச்சைச் சேலை கட்டியிருந்தேன்” என்றார் அம்மா. சறுக்கில் ஏறினீர்களா என்று மகன் கேட்டான். “போடா, பொம்பளைங்க ஏறுவாகளா? ஒங்க தாத்தா ஏறுனாக. நான் அவுக செருப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.”

ஆக, அம்மாவுக்கு அந்தப் பெஞ்சு வேலை கிடைத்தது வயதானதால் அல்ல. இருபது வயதிலேயே கிடைத்துவிட்டது. முதுமையைப் பற்றி எழுத உட்கார்ந்தவளுக்கு இந்த ஒரு வரி போதும் என்று நினைத்தேன். பாட்டிகள் பை காப்பது முட்டி வலியால் மட்டும் வந்ததல்ல. ஆடுகிறவர் ஒருவர், அவர் பொருளைப் பிடித்துக்கொள்கிறவர் ஒருவர் என்ற ஏற்பாடு வெகு நாளாக இருக்கிறது. வயது அதற்கு ஒரு நல்ல சாக்கு.

மேலூர் தாண்டியதும் வலப்பக்கம் அழகர்மலை நீளமாகத் தெரிந்தது. நரசிங்கம்பட்டி, சிட்டம்பட்டி டோல்கேட். அப்புறம் ஒத்தக்கடையில் யானைமலை. உள்ளபடியே பெரிய யானை ஒன்று தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் ஒற்றைப் பாறை. அதன் அடியில் நரசிங்கப் பெருமாளுக்குப் பாண்டியர் காலக் குடைவரை உண்டு. அங்குள்ள கி.பி. 770-ஐச் சேர்ந்த கல்வெட்டு, பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி கோயில் எடுத்ததைச் சொல்கிறது. இந்த மலையையும் ஒரு பூங்காவாக்கப் பார்த்தார்கள் என்பது மகனுக்குத் தெரியாது. 2010 வாக்கில் யானைமலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கும் திட்டம் ஒன்று வந்தது. சுற்றுலா வரும், வேலை வரும் என்றார்கள். மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் சாதி, மதம் பார்க்காமல் சேர்ந்து எதிர்த்து நிறுத்தினார்கள். “நல்லவேளை. யானை மேல எதுக்கு பொம்மை?” என்றார் அம்மா. சுற்றுலாத் துறைக்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் ஆலோசனை சொல்ல முடியாது.

ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பெரும்பாலான பூங்காக்களில் வெளிச்சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. சர்க்கரைக்காரர்களோடு போகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும். உள்ளே வரிசையில் நின்று தட்டு கைக்கு வரும்வரை உடம்பு காத்திருக்காது. அதனால் வயிறு நிறையப் புளிச்சோறு, மாத்திரை, பைக்குள் பிஸ்கட்டும் இரண்டு மிட்டாயும்.

திண்டுக்கல் சாலையில் விளாங்குடி தாண்டினால் பரவை. சினிமா பார்க்கிறவர்களுக்கு இது முனியம்மாவின் ஊர். 2003-இல் ‘தூள்’ படத்தில் வந்து நின்று பாடியபோதே அவர் பாட்டி வயதில் இருந்தார். அதுவரை திருவிழா மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவரை நாடே பார்த்தது. 2020-இல் காலமானார். அம்மாவுக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு: “என்னைய விட மூத்தவுக. என்னா குரலு, என்னா நடை!” பூங்கா வாசலில் இறங்கும்போது அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அம்மா செய்ததற்கெல்லாம் முனியம்மாவுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

உள்ளே போனதும் முதல் வழக்கு உடை. நீர்ப் பூங்காக்களில் நைலான் போன்ற வழுக்குத் துணிதான் வேண்டும் என்பது பொதுவான விதி. பருத்தித் துணியிலிருந்து நூல் பிரிந்து வடிகட்டிகளை அடைக்கும். சேலையோ சறுக்கில், படியில் சிக்கி ஆளையே கவிழ்க்கும். காரணம் நியாயமானது. ஆனால் சேலையைத் தவிர வேறெதுவும் கட்டியறியாத பெண்களிடம் அந்த விதி, ‘நீ தண்ணீரில் இறங்காதே’ என்றுதான் சொல்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாட்டிகளில் பாதிப் பேர் அங்கே உட்கார்ந்தது முட்டியால் அல்ல, சேலையால். அம்மா அங்கே கொடுத்த சட்டையையும் கால்சட்டையையும் கையில் பிடித்து இழுத்துப் பார்த்தார். மகனைத் தூரப் போகச் சொன்னார். உள்ளே போய்த் திரும்பி வந்தபோது முழங்கால்வரை தொங்கும் நீலச் சட்டை, அதே நிறத்தில் கால்சட்டை, தோளைச் சுற்றி அவருடைய காசித்துண்டு. “யாராச்சும் போட்டோ எடுத்தீங்க…” என்று அவர் முடிப்பதற்குள் பேரன் எடுத்துவிட்டான்.

அலைக்குளத்தின் கரை சரிவாக இறங்கும். கணுக்கால் ஆழத்தில் தொடங்கி, நாம் வேண்டிய மட்டும் உள்ளே போகலாம். விசில் ஊதினால் அலை வரும். கொஞ்ச நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். அதன் சூட்சுமம் எளிது. பல குளங்களில், ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கும். மின்விசிறி போன்ற ஊதிகள் அந்த அறைகளுக்குள் காற்றைத் திணிக்கும். காற்று அழுத்த, தண்ணீர் கீழ்வழியாகக் குளத்துக்குள் பாயும்; காற்றை விட்டதும் திரும்ப உள்ளே வரும். இதைத் தாளம் தப்பாமல் செய்தால் கரைவரை அலை வந்து மோதும். இந்தக் கருவி முதலில் விளையாட்டுப் பூங்காவில் பிறக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த தகவல். புடாபெஸ்ட் நகரத்து கெல்லர்ட் குளியலகத்தில் 1927-இலேயே அலைக்குளம் வைத்துவிட்டார்கள். மூட்டுவலிக்காரர்கள் வெந்நீரூற்றில் ஊறுவதற்குத் தேடிப்போன இடம் அது.

கரையில் முதலில் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார் அம்மா. அலை வந்து மடியில் ஏறி இறங்கியது. மூன்றாவது அலைக்குக் கையை நீட்டினார், எழுப்பிவிடு என்று. நான் ஒரு கை, மகன் ஒரு கை பிடித்துக்கொள்ள, இடுப்பளவு ஆழத்துக்கு வந்தோம்.

“ஏத்தா, வலிக்கல” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“முட்டி. முட்டி வலிக்கல.”

இதில் மாயம் எதுவுமில்லை. தண்ணீர் ஆளைத் தாங்குகிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் முழங்காலில் இறங்கும் எடை ஏறத்தாழப் பாதியாகிவிடும். மார்பளவு என்றால் இன்னும் குறையும். அதனால்தான் முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இயன்முறை மருத்துவர்கள் தண்ணீருக்குள் நடக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். இந்த விஷயத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அம்மாவுடைய கால்கள் அதைச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். அவர் என் கையை விட்டார். குளத்துக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். வீட்டில் சுவரைப் பிடித்து நடக்கிறவர்.

அம்மாவுக்கு நீச்சல் தெரியும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நீந்தப் பழகியது இறவைக் கிணறுகளில். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி உள்ளே தள்ளிவிடுவார்கள். அம்மாவையும் தாத்தா அப்படித்தான் தள்ளிவிட்டிருக்கிறார். வயதுக்கு வந்ததும் கிணற்றுப் பக்கம் போகக்கூடாது என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு கிணறுகளும் வற்றி, போர் போட்டு, குழாயடிக்கு வந்துவிட்டோம். ராமேசுவரத்தில் வாளியில் மொண்டு தலையில் ஊற்றிய தீர்த்தம், அழகர்மலை நூபுரகங்கையில் நின்று குளித்தது, இவை தவிர உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருந்து அறுபது வருஷம் ஆகியிருக்கும். கை மறக்கவில்லை. நீந்தினார் என்று சொன்னால் மிகை; மிதந்தார். பாதுகாவலர் பையன் விசிலை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றான், ஊதவில்லை.

உயரத்தில் இருந்த பெரிய வாளி ஒன்று நிறைந்து கவிழ்ந்து எல்லோர் தலையிலும் தண்ணீர் கொட்டியபோது அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “அழகருக்குப் பீச்சுற மாதிரியே இருக்கு!” சித்திரைத் திருவிழாவில் கருப்பசாமி வேடம் கட்டியவர்கள் ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பி, வைகைக்கு வரும் அழகர்மேல் பீய்ச்சுவது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். வெயில் தாழச் சாமியையும் நனைத்து, சனங்களையும் நனைத்து விளையாடுகிற அந்தக் கூட்டத்தில் கிழவர்கள் உண்டு, கைக்குழந்தைகள் உண்டு. யாரும் ஓரமாக உட்காரவைக்கப்படுவதில்லை. சாமி பேரைச் சொன்னால் நம் பெரியவர்கள் எந்த ஆட்டத்துக்கும் வருவார்கள். தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் பெரிய ராட்டினத்தில் உட்கார்ந்து அலறிய பாட்டிகளைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். அழகரைப் பார்க்க வந்த இடத்தில் அப்படியே ஏறிவிட்டார்கள், அதனால் குற்றமில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பெஞ்சில் இருந்த பாட்டிகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அருகே வந்து, “தண்ணி குளுருதா அக்கா?” என்று கேட்டார். அது தண்ணீரைப் பற்றிய கேள்வி இல்லை. அம்மாவுக்கு அது உடனே புரிந்தது. “சும்மா வாங்க. பையை இவன்கிட்ட குடுங்க” என்று பேரனைக் காட்டினார். பேரன் பேந்தப் பேந்த விழித்தான். பத்தே நிமிஷத்தில் அந்தப் பெஞ்சில் என் மகன் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றிப் பைகள், செருப்புகள், மடியில் யாருடைய பல்செட்டோ ஒரு டப்பாவில். சேலை மாற்றச் சங்கடப்பட்ட ஒரு பாட்டி கணுக்கால் தண்ணீரோடு நின்றுகொண்டார். வேறு இருவர் நீலச் சட்டையில் வந்து இறங்கினார்கள். லாக்கர் என்று ஒன்று இருக்கிறது என்பதை மகன் அரை மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தான்.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே நடந்தது என்று எழுதினால் படிப்பவர்கள் நாளைக்கே தாத்தாவை உயரச் சறுக்கில் ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் பக்கத்தில் இருக்கும் எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு இல்லை. இதய நோய், உயர் ரத்த அழுத்தம், முதுகுத்தண்டு, கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் வேகமாகத் திரும்பும், சட்டென்று விழும் எதிலும் ஏறக்கூடாது. வயதான எலும்புக்கு ஓர் உலுக்கலே போதும். அதைவிடப் பெரிய ஆபத்து ராட்டினத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. ஈரத் தரை, பாசி, குழந்தைகள் ஓடிவந்து இடிப்பது. இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் அதிலிருந்து எழுந்து வருவது கஷ்டம். பிடிப்புள்ள ரப்பர் செருப்பும் ஓர் ஆள் துணையும் வேண்டும். கூட்டமில்லாத வார நாள் உத்தமம். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை கூரைக்குக் கீழே இருந்துவிடுவது நல்லது. தண்ணீருக்குள் இருந்தால் தாகம் தெரியாது, ஆனால் உடம்பு வற்றும்.

பூங்கா கட்டுகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் உண்டு. பெரியவர்களுக்கென்று தனியே ஒரு மூலை ஒதுக்கி, அதில் பூச்செடியும் தியான மண்டபமும் வைத்துவிடாதீர்கள். அலைக்குளச் சரிவில் ஒரு கைப்பிடிக் கம்பி போடுங்கள். ஒரு ராட்டினத்தையாவது முழுதாக நிறுத்தி, ஏறி உட்கார்ந்தபின் ஓட்டுங்கள். சேலைக்காரர்கள் கூசாமல் உடுத்துகிற மாதிரி நீளமான, வழுக்குத் துணியில் ஓர் உடை தையுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது. 1995-இல் தாம்பரத்தில் ‘கிஷ்கிந்தா’வைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன், அதற்குப் பதினொரு வருஷம் முன்னால் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தையே எடுத்துக் காட்டியவர். குழந்தைகளுக்காக இவ்வளவு யோசிக்கத் தெரிந்த ஒரு தொழிலுக்குக் கைப்பிடிக் கம்பி பெரிய காரியமா?

சாயங்காலம் மெதுவாகச் சுற்றும் ராட்டினம் ஒன்றுக்கு முன்னால் அம்மா நின்றார். ஓட்டுகிற பையன் தயங்கினான். “பாட்டி, தலை சுத்தும்.”

“நீ நிப்பாட்டி ஏத்துவியா, ஓடையிலயே ஏறச் சொல்லுவியா?”

“நிப்பாட்டித்தான் ஏத்துவேன்.”

“அப்பறம் என்னய்யா? எங்க ஊரு டவுன் பஸ்ஸுல நிப்பாட்டாமயே ஏறுறேன்.”

ஏறினார். மேலே போனதும் நாகமலை தெரிந்தது. அம்மா மலையைப் பார்க்கவில்லை. கீழே வைகை எந்தப் பக்கம், கோரிப்பாளையம் எந்தப் பக்கம், நாம் வந்த ரோடு எது என்று விசாரித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது தலை சுற்றியது எனக்குத்தான்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் பேரன் தூங்கிவிட்டான். அம்மா உசிலம்பட்டிக்காரரின் நம்பரை என் போனில் சரியாக ஏற்றியிருக்கிறேனா என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது திண்ணையில் கூட்டம். எதிர்வீட்டு அத்தை, கடைக்கார அக்கா, மேலத்தெருவிலிருந்து இரண்டு பேர். பேரனின் போனிலிருந்த அந்த நீலச் சட்டைப் போட்டோ கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. வருஷா வருஷம் மேல்மருவத்தூருக்கும் பழனிக்கும் வேன் பேசும் டிரைவர் தம்பியும் நின்றிருந்தார். போக வர, வெயிட்டிங் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“வெயிட்டிங்குக்கு எதுக்கு காசு? நீயும் உள்ள வா. எங்க பையைப் பாத்துக்க ஒரு ஆம்பளை வேணும்.”

அவர் ஐந்நூறு குறைத்தார். அம்மா இன்னும் முந்நூறு குறைக்கச் சொல்லி நின்றுகொண்டிருக்க, நான் டீ போட உள்ளே போனேன்.